பல்சர் 220-ஐ வைத்துச் சாப்பர் கட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சாப்பர் என்பது கழுத்தைச் சாய்த்து, முன்சக்கரத்தை முன்னே தள்ளி மாற்றிக் கட்டிய பைக். முதல்முறை சாப்பர் கட்டுகிறவர்கள் ஹேண்டில்பாரும் டேங்க்கும் வாங்குவதில் தொடங்குகிறார்கள். பிறகு சக்கரம், கடைசியில் ஃபிரேம். வேலை பாதியில் நிற்பதற்கு இந்தத் தலைகீழ் வரிசைதான் முக்கியக் காரணம். சாப்பரின் குணத்தைத் தீர்மானிப்பது ஃபிரேமின் கழுத்து (ஹேண்டிலும் ஃபோர்க்கும் திரும்பும் குழாய்) எவ்வளவு சாய்கிறது, முன்சக்கரம் எங்கே தரையைத் தொடுகிறது என்ற இரண்டும்தான். அந்தக் கணக்கு முடியும்வரை கிரைண்டரைக் கையில் எடுக்கக் கூடாது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது கார்புரேட்டர் வைத்த பல்சர் 220எஃப். முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் ஷாக் இல்லாத ரிஜிட் ஃபிரேம். வேறு வண்டி என்றால் எண்கள் மாறும், வரிசை மாறாது.

## 1. எந்த வண்டியை எடுப்பது

பல்சர் 220-ல் 2007-ல் வந்தது ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் மாடல். 2009-லிருந்து கார்புரேட்டர் வந்தது. 2020-ல் பிஎஸ்6 புகை விதி வந்தபோது மீண்டும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியது. நமக்கு வேண்டியது நடுவில் வந்த கார்புரேட்டர் வண்டி. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள் இருக்கும், வண்டி சாய்ந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சாரும் உண்டு. டேங்க்கை மாற்றினாலே இவை அனைத்துக்கும் புது இடம் தேட வேண்டியிருக்கும்.

இன்னொரு வசதி, இந்த எஞ்சின் காற்றாலும் ஆயிலாலும் குளிர்வது. ரேடியேட்டர் கிடையாது, சின்ன ஆயில் கூலர் மட்டும். எஞ்சினை அடியிலிருந்து குழாய்கள் தாங்கும் ஃபிரேம் என்பதால், புது ஃபிரேமிலும் அதே முறையில் உட்கார வைக்கலாம்.

ஆர்15 போன்ற வண்டிகளில் எஞ்சின் மேலிருந்து தொங்குகிறது, முன்னால் தாங்கு குழாயே இல்லை, ரேடியேட்டரும் உண்டு. ஜிஎஸ்எக்ஸ்-ஆர், ஆர்6 போன்ற பெரிய வண்டிகளின் ஃபிரேம் அலுமினியம். அலுமினியத்தோடு இரும்புக் குழாயை வெல்டிங் செய்ய முடியாது. அந்த வண்டிகளிலிருந்து எஞ்சினை மட்டும்தான் எடுக்க முடியும். முதல் வேலைக்கு இவை வேண்டாம்.

## 2. சேசிஸ் நம்பர் உள்ள ஃபிரேமை வெட்டாதீர்கள்

சாப்பர் வேலையில் முதலில் வெட்டப்படுவது கழுத்து. இந்திய பைக்குகளில் சேசிஸ் நம்பர் பொறிக்கப்பட்டிருப்பதும் பெரும்பாலும் அதே கழுத்துக் குழாயில்தான். அதை வெட்டினால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வண்டி இல்லாமல் போகிறது. பிறகு அந்த வண்டியை விற்கவோ இன்ஷூரன்ஸ் எடுக்கவோ முடியாது. திருட்டு வண்டி என்ற சந்தேகமும் வரும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆகவே இங்கே சொல்லப்படும் வண்டி கண்காட்சிக்கும் தனியார் இடத்தில் ஓட்டுவதற்கும் மட்டுமே. வெளிநாட்டில் இருப்பவர்கள் அந்தந்த ஊர் விதியை முதலில் பாருங்கள். பிரிட்டனில் பெரிய மாற்றம் செய்த பைக்குக்கு எம்எஸ்விஏ என்ற தனிச் சோதனை இருக்கிறது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு.

நடைமுறையில் சரியான வழி, பழைய ஃபிரேமை முழுசாகக் கழற்றி, எண்ணெய் தடவி, துணி சுற்றிச் சுவரில் மாட்டிவிட்டு, சாப்பருக்குப் புது ஃபிரேம் கட்டுவது. எஞ்சின் நம்பரையும் தொடக் கூடாது. மனம் மாறினால் எஞ்சினைப் பழைய ஃபிரேமில் ஏற்றிப் பழைய வண்டியாகவே ஆக்கிவிடலாம். காயலான் கடையில் பில் இல்லாத ஃபிரேமை வாங்கி வெட்டலாம் என்று நினைக்காதீர்கள். அது யாருடைய வண்டி என்பது உங்களுக்குத் தெரியாது.

## 3. வேலை தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

படத்தையோ இணையத்தில் போட்ட அளவையோ நம்பி ஃபிரேம் கட்டக் கூடாது. கீழே உள்ள பொருள்கள் கண்முன் இருந்தால்தான் அளவு சரியாக வரும்.

முன்பக்கம்: ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-ன் முழு முன்பகுதி. 41 மி.மீ. ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரு குழாய்), 90/90-21 ஸ்போக் சக்கரம், 300 மி.மீ. டிஸ்க், காலிப்பர், ஆக்ஸில், டீ-ஸ்டெம் (ஃபோர்க்கைக் கழுத்தோடு சேர்க்கும் பகுதி), பேரிங் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து செட்டாக வாங்குங்கள். ஃபோர்க் ஒரு வண்டியிலிருந்தும் டிஸ்க் வேறு வண்டியிலிருந்தும் வந்தால் காலிப்பர் உட்காராது. பிராக்கெட் செய்து சமாளிக்கும் இடமில்லை இது.

பின்பக்கம்: அவெஞ்சர் 220-ன் 130/90-15 சக்கரம். அதன் டிரம், ஸ்ப்ராக்கெட் கேரியர், ஆக்ஸில், ஸ்பேஸர் எல்லாமும் சேர்த்து. பல்சரின் 120/80-17 டயருக்கு விட்டம் 624 மி.மீ. இந்த டயருக்கு 615 மி.மீ. வித்தியாசம் மிகக் குறைவு, ஆகவே டயரால் கியர் விகிதம் பெரிதாக மாறாது. சாப்பருக்கு வேண்டிய தடித்த, குட்டையான தோற்றமும் கிடைக்கிறது.

குழாய்: வாகனங்களுக்கென வரும் சிடிடபிள்யூ (வெல்டிங் செய்து குளிர்நிலையில் இழுத்த குழாய்) அல்லது சீம்லெஸ் குழாய். பில்லில் ஐஎஸ் 3074 என்று இருக்கிறதா பாருங்கள். முதுகுக் குழாய்க்கு (டேங்க்குக்கு அடியில் ஓடுவது) 38 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. கனம், ஒன்றரை மீட்டர். மற்ற எல்லாவற்றுக்கும் 25.4 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. கனம், ஒன்பது மீட்டர். வளைவில் வீணாவதும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. தண்ணீர்க் குழாய், ஜி.ஐ. பைப் வேண்டவே வேண்டாம். துத்தநாகப் பூச்சு வெல்டிங்கில் ஆவியாகி மூச்சுக்கும் கெடுதல், வெல்டிங்கிலும் ஓட்டை விழும்.

தகடு: ஆக்ஸில் பிளேட்டுக்கு 10 மி.மீ., கழுத்து கஸ்ஸெட்டுக்கு (மூட்டுக்கு வலுச் சேர்க்கும் தகடு) 3 மி.மீ., எஞ்சின் மவுண்ட்டுக்கு 6 மி.மீ.

எஞ்சினுக்கு டம்மி: பில்லோடு வாங்கிய, உள்ளே ஒன்றும் இல்லாத காலி கிராங்க்கேஸ் ஒன்று. சென்னையில் புதுப்பேட்டையில் தேடலாம். எடை குறைவு, தீப்பொறி பட்டாலும் நஷ்டமில்லை.

அளவுக் கருவி: டிஜிட்டல் கோணமானி, ரசமட்டம், தூக்குக்குண்டு, 2 மீட்டர் நேர்ச்சட்டம், வெர்னியர். ஓட்டத் தெரிந்தவர் எல்லாருக்கும் வெல்டிங் தெரிய வேண்டும் என்றில்லை. ஃபிரேம் வெல்டிங்கை ஆர்கான் வெல்டிங் செய்யும் தேர்ந்தவரிடம் விடுங்கள். டாக் (தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு புள்ளி வெல்டிங்) வைப்பது வரை நீங்கள் செய்யலாம்.

## 4. பிரிக்கும் முன் அளவெடுங்கள்

வண்டி நேராக, இரு சக்கரமும் தரையில் நிற்க, கீழ்க்கண்டவற்றை எழுதுங்கள்: ஆக்ஸிலிலிருந்து ஆக்ஸில் வரை (பல்சருக்கு 1350 மி.மீ. வர வேண்டும்), கழுத்தின் சாய்வு, கழுத்தின் அடிப்பக்கம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், எஞ்சினின் முன் பின் மவுண்ட் போல்ட்டுகளின் உயரம், எஞ்சின் எவ்வளவு முன்பக்கம் சாய்ந்திருக்கிறது.

கடைசி அளவைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். எஞ்சினை அழகுக்காகப் பின்னோக்கிச் சாய்த்தால் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணமும் சாயும், பெட்ரோல் மட்டம் மாறும். ஐடிலிங் சீராக நிற்காத பல வண்டிகளுக்கு இதுதான் காரணம். பழைய சாய்விலிருந்து இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் போகாதீர்கள்.

வயரிங் கிட்டைக் கழற்றும்போது ஒவ்வொரு சாக்கெட்டிலும் பேர் எழுதி டேப் ஒட்டுங்கள். போட்டோவும் எடுங்கள். மூன்று மாதம் கழித்து நினைவில் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

## 5. கழுத்துக் கோணமும் ட்ரெய்லும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை இரண்டு முறை படிப்பதானால் இதைப் படியுங்கள்.

கழுத்து செங்குத்திலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்பது ரேக். கழுத்தின் நடுக்கோட்டை அப்படியே நீட்டினால் தரையில் ஒரு புள்ளியில் முட்டும். முன்சக்கரம் தரையைத் தொடும் இடம் அந்தப் புள்ளிக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அது ட்ரெய்ல். கடையில் தள்ளுவண்டியைத் தள்ளும்போது அதன் சின்னச் சக்கரம் தானாகத் திரும்பிப் பின்னால் வருவதைப் பார்த்திருப்பீர்கள். பைக்கை நேராகப் பிடித்து வைப்பதும் அதே விசைதான்.

கணக்கு இது:

ட்ரெய்ல் = (சக்கர ஆரம் × சைன் ரேக் − ஆஃப்செட்) ÷ கோசைன் ரேக்

ஆஃப்செட் என்பது கழுத்தின் நடுக்கோட்டிலிருந்து முன் ஆக்ஸில் வரை, அந்தக் கோட்டுக்குச் செங்கோணத்தில் அளந்த தூரம். சாதாரண ஃபோர்க்கில் இது டீ-ஸ்டெம்மில் அமைந்திருக்கும்.

எடுத்துக்காட்டுக்கு 17 அங்குலச் சக்கரம், ஆரம் 297 மி.மீ., ரேக் 26 டிகிரி, ஆஃப்செட் 30 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ட்ரெய்ல் 111 மி.மீ. வரும். இது நன்றாக ஓடும் வண்டி.

இப்போது 21 அங்குலச் சக்கரம் (ஆரம் 348), ஆஃப்செட் அதே 30, ரேக்கை மட்டும் 38 ஆக்குங்கள். ட்ரெய்ல் 234 மி.மீ. ஆகிவிடும். நேர்ச்சாலையில் கல்லு போல நிற்கும். ஆனால் நடைவேகத்தில் ஹேண்டில் ஒரு பக்கம் தொபுக்கென்று விழும். கேட்டுக்குள் திருப்புவதற்கே இரண்டு கையின் பலமும் வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறு இன்னும் ஆபத்தானது. கழுத்தை வெட்டாமல் சாப்பர் தோற்றம் வேண்டும் என்று, ஃபோர்க்கை மட்டும் 6 டிகிரி சாய்க்கும் டீ-ஸ்டெம் வாங்கிப் போடுகிறார்கள். 600 மி.மீ. நீள ஃபோர்க்கில் அந்த 6 டிகிரி ஆஃப்செட்டை 63 மி.மீ. கூட்டும். மேலே சொன்ன 26 டிகிரி, 17 அங்குல வண்டியில் 111 ஆக இருந்த ட்ரெய்ல் 42-க்கு இறங்கிவிடும். பார்ப்பதற்கு நீளமான சாப்பர், ஆனால் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஹேண்டில் இருபக்கமும் அடித்துக்கொள்ளும். சாய்வு டீ-ஸ்டெம் என்பது ஏற்கெனவே அதிக ரேக் உள்ள ஃபிரேமில் ட்ரெய்லைக் குறைக்கத்தான் பயன்படுகிறது. ரேக்கைக் கூட்டும் குறுக்குவழி அல்ல.

முதல் வண்டிக்கு 100-க்கும் 150-க்கும் நடுவில் ட்ரெய்ல் வைத்துக்கொள்ளுங்கள். நான் பரிந்துரைப்பது கழுத்து 32 டிகிரி, ஆஃப்செட் 60 மி.மீ., 21 அங்குலச் சக்கரம். ட்ரெய்ல் 147 வரும். ஹிமாலயன் டீ-ஸ்டெம்மின் ஆஃப்செட்டை அளந்து பாருங்கள். 60-ஐ விடக் குறைவாக இருந்தால் ட்ரெய்ல் எவ்வளவு கூடுகிறது என்று கணக்குப் போட்டு, ஒன்று ரேக்கைக் குறையுங்கள், இல்லையென்றால் டீ-ஸ்டெம்மைப் புதிதாக அலுமினியக் கட்டியில் குடைந்து செய்யுங்கள்.

ஃபோர்க் நீளத்திலும் ஒரு தப்பெண்ணம் உண்டு. ரேக் கூடினால் நீள ஃபோர்க் கட்டாயம் வேண்டும் என்று நினைக்கிறார்கள். சக்கரம் பெரிதானதையும் கணக்கில் சேருங்கள். மேலே சொன்ன 26 டிகிரி வண்டியில் ஆக்ஸிலிலிருந்து கீழ்க் கிளாம்ப் வரை 600 மி.மீ. என்றால், 32 டிகிரியில், 60 மி.மீ. ஆஃப்செட்டோடு, 21 அங்குலச் சக்கரம் போட்டால் அதே 600 மி.மீ. ஃபோர்க்குக்குக் கழுத்தின் உயரம் மாறுவதே இல்லை. ஃபோர்க்கை 640 ஆக்கினால் கழுத்து ஏறத்தாழ 35 மி.மீ. உயரும், சாப்பருக்கு வேண்டிய நிமிர்வு வந்துவிடும். முன் ஆக்ஸில் பழைய இடத்தைவிட 100 மி.மீ. முன்னே போகும். பின்பக்கம் 75 மி.மீ. நீட்டினால் மொத்த வீல்பேஸ் (ஆக்ஸிலிலிருந்து ஆக்ஸில் வரை) 1525 மி.மீ. இந்த எஞ்சினுக்கு இது போதும்.

ஹிமாலயன் ஃபோர்க்கின் 200 மி.மீ. பயணம் (அமுங்கும் தூரம்) நமக்கு அதிகம். பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்கி ரேக் மாறும். ஃபோர்க்குக்குள் டாம்பர் ராடில் டாப்-அவுட் ஸ்பிரிங் (ஃபோர்க் முழுக்க நீளும்போது இடிக்காமல் தாங்குவது) இருக்கும் இடத்தில் 80 மி.மீ. ஸ்பேஸர் போட்டால் பயணம் 120 ஆகும், ஃபோர்க்கும் அதே அளவு குட்டையாகும். மேலே ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கும் பிரீலோட் குழாயிலும் அதற்கு ஈடாகக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் இறுகிக் கல்லாகிவிடும். ஃபோர்க் நீளம் போதாமல் போனால் புது நீளக் குழாய் போடுங்கள். ஃபோர்க் குழாயை வெட்டி நடுவில் வெல்டிங் செய்து நீட்டித் தருவதாக யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

## 6. ஜிக்

ஜிக் (பாகங்களை அளவு மாறாமல் பிடித்து வைக்கும் அச்சுச் சட்டம்) இல்லாமல் தரையில் செங்கல் வைத்துக் கட்டிய ஃபிரேம் நேராக வராது. இரண்டு மீட்டர் நீள சி-சேனல் இரண்டை இணையாக வைத்து, ரசமட்டம் பார்த்துத் தரையில் போல்ட் அடியுங்கள். நடுவில் மெல்லிய கம்பி ஒன்றை இழுத்துக் கட்டுங்கள். அதுதான் வண்டியின் நடுக்கோடு. எல்லா அளவும் அதிலிருந்து.

ஜிக்கில் மூன்று இடங்கள் அசையக் கூடாது: 32 டிகிரியில் கழுத்தைப் பிடிக்கும் கூம்பு, டம்மி எஞ்சினின் மவுண்ட், பின் ஆக்ஸில். எஞ்சினை நடுக்கோட்டில் வைக்கும்போது கிராங்க்கேஸின் நடு எது என்று தேட வேண்டாம். முன் ஸ்ப்ராக்கெட் எங்கே இருக்கிறது, பின் ஸ்ப்ராக்கெட் எங்கே வர வேண்டும் என்று பாருங்கள். பழைய ஃபிரேமில் எஞ்சின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்ததோ அதே அளவு இங்கேயும் இருக்கட்டும்.

அடிக்குழாய் தரையிலிருந்து குறைந்தது 130 மி.மீ. ரிஜிட் ஃபிரேம் அமுங்காது என்பதால் 100 போதும் என்பார்கள். முன் ஃபோர்க் அமுங்குமே. ஆயில் ட்ரெயின் போல்ட்டுக்கு ஸ்பானர் நுழையும் இடமும் வேண்டும்.

## 7. குழாய் வெட்டுவதும் டாக் வைப்பதும்

குழாயை டை வைத்த பெண்டரில் வளையுங்கள். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தின் மூன்று மடங்குக்குக் குறையக் கூடாது, அதாவது 25.4 குழாய்க்கு 76 மி.மீ. மணல் நிரப்பிக் காய்ச்சி வளைத்தால் உட்புறம் சுருங்கி, வெளிப்புறம் மெலிந்துவிடும்.

குழாய் குழாயில் சேரும் இடத்தை மீன்வாய் போலக் குடைய வேண்டும். இடைவெளி 1 மி.மீ.க்குள் இருக்கட்டும். பெரிய இடைவெளியை வெல்டிங்கால் நிரப்பினால் குளிரும்போது குழாயை இழுத்துக்கொள்ளும், ஃபிரேம் கோணிவிடும்.

இரு குழாயை நேர்க்கோட்டில் சேர்க்கும் இடங்களில் உள்ளே சிறு குழாய்த் துண்டு ஒன்றை இறுக்கமாக நுழையுங்கள், இருபக்கமும் 40 மி.மீ. உள்ளே போகட்டும். வெளிக்குழாயில் 8 மி.மீ. ஓட்டை போட்டு அதன் வழியே பிளக் வெல்டிங் செய்த பிறகு சுற்று வெல்டிங். வெல்டிங் விரிசல் விட்டாலும் குழாய் கழன்று வராது.

வரிசை: முதலில் அடிக்குழாய்கள், பிறகு முன் தாங்கு குழாய்கள், முதுகுக் குழாய், பின் தாங்கிகள், ஆக்ஸில் பிளேட். ஒவ்வொரு மூட்டிலும் நேரெதிராக நான்கு டாக் மட்டும். எல்லாம் டாக் ஆனதும் ஜிக்கிலிருந்து எடுத்து, சக்கரம், ஃபோர்க், டேங்க், சீட், மட்கார்டு எல்லாவற்றையும் மாட்டி நிறுத்துங்கள். ஒருவர் ஏறி உட்கார்ந்து பார்க்கட்டும். பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் டாக்கை அறுப்பது பத்து நிமிட வேலை. முழு வெல்டிங்குக்குப் பிறகு அறுப்பது புது ஃபிரேம் கட்டுவதற்குச் சமம்.

## 8. முழு வெல்டிங்

ஃபிரேமை மீண்டும் ஜிக்கில் பூட்டுங்கள். ஆர்கான் வெல்டிங், இஆர்70எஸ்-2 ஃபில்லர். ஆர்க் வெல்டிங்தான் கிடைக்கும் என்றால் நன்றாகக் காயவைத்த 7018 ராடு. கிரில் கேட்டுக்குப் போடும் சாதாரண ராடால் கழுத்தை வெல்டிங் செய்யாதீர்கள். டம்மி எஞ்சின் இடத்திலேயே இருக்கட்டும், மவுண்ட் ஓட்டைகள் நகராது. நல்ல எஞ்சினை வைத்து வெல்டிங் செய்தால் மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாய்ந்து குழிகள் விழும்.

ஒரே மூட்டை ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். 30 மி.மீ. இடப்பக்கம், பிறகு வலப்பக்கம், பிறகு முன்னே, பிறகு பின்னே. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் கழுத்தையும் ஆக்ஸிலையும் நடுக்கம்பியிலிருந்து அளந்து பாருங்கள். 1 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் அடுத்த சுற்றை எதிர்ப்பக்கத்தில் தொடங்குங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது, இரும்பு கடினப்பட்டு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அழகுக்காக வெல்டிங்கைத் தேய்த்து மழமழவென்று ஆக்குவதும் கூடாது. தேய்த்துப் போவது உங்கள் பலம்தான்.

கழுத்துக் குழாயின் பேரிங் இருக்கையைக் கடைசி அளவுக்கு முன்கூட்டியே கடையாதீர்கள். வெல்டிங் சூட்டில் அது முட்டை வடிவமாகிவிடும். அரை மி.மீ. விட்டுவைத்து, வெல்டிங் முடிந்து ஆறிய பிறகு போரிங் மெஷின் உள்ள கடையில் இரு முனையையும் ஒரே நேர்க்கோட்டில் குடையுங்கள்.

முடிந்ததும் எல்லா மூட்டுக்கும் டை பெனட்ரன்ட் சோதனை. சிவப்பு சாயத்தை அடித்து, ஊற விட்டு, துடைத்து, வெள்ளைப் பொடி ஸ்ப்ரே அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும்.

## 9. பின் சக்கரம், செயின், பிரேக்

ஆக்ஸில் பிளேட்டில் 50 மி.மீ. நீளக் காடி, அட்ஜஸ்டர் போல்ட். சக்கரம் நடுக்கோட்டிலும், ஸ்ப்ராக்கெட் முன் ஸ்ப்ராக்கெட்டின் நேரிலும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு விடுகிறவர்கள் அதிகம். சக்கரத்தை முதலில் நடுவில் வையுங்கள், பிறகு ஸ்ப்ராக்கெட்டை ஸ்பேஸரால் நகர்த்துங்கள்.

பல்சரின் முன் ஸ்ப்ராக்கெட்டும் அவெஞ்சரின் பின் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே செயின் எண்ணுக்கு உரியவையா என்று வாங்கும் முன் பாருங்கள். செயின் தகட்டில் 428, 520 என்று அடித்திருக்கும். பின்பக்கம் 75 மி.மீ. நீண்டால் செயின் 150 மி.மீ. கூடும். 428 என்றால் 12 கண்ணி, 520 என்றால் 10 கண்ணி சேரும். எப்போதும் இரட்டை எண்ணில். ரிஜிட் ஃபிரேமில் செயின் ஒரே நீளத்தில் இருக்கும், ஆகவே 15 முதல் 20 மி.மீ. தொய்வு போதும்.

பல்சரின் பின் பிரேக் டிஸ்க். அவெஞ்சர் சக்கரத்தில் டிரம். டிரம் பிளேட் சுழலாமல் பிடிக்கும் கம்பிக்கு ஃபிரேமில் ஒரு கொக்கி வேண்டும். அது இல்லாவிட்டால் முதல் பிரேக்கிலேயே பிளேட் சுழன்று, பிரேக் ராடை முறுக்கி, சக்கரம் பூட்டிக்கொள்ளும். பெயின்ட் அடித்த பிறகு இதை நினைத்துப் பார்ப்பவர்கள் பலர்.

## 10. டேங்க், கார்புரேட்டர், சைலன்சர்

பெட்ரோல் ஈர்ப்பு விசையால் இறங்குகிறது. டேங்க்கின் அடி கார்புரேட்டரை விட உயரத்தில் இருக்க வேண்டும், குழாய் எங்கேயும் மேலேறி இறங்கக் கூடாது. முதுகுக் குழாய் சாய்வாக இருப்பதால் டேங்க்கின் பின்மூலைதான் தாழ்ந்திருக்கும். பெட்ரோல் காக் அங்கே இருக்கட்டும். டேங்க்கை ரப்பர் புஷ் வைத்து மாட்டுங்கள். நேராக போல்ட் அடித்தால் ஒற்றைச் சிலிண்டர் அதிர்வில் காது விரிசல் விடும்.

பழைய டேங்க்கில் வெல்டிங் செய்யும் முன் பெட்ரோல் ஆவி ஒரு துளி இல்லாமல் கழுவ வேண்டும், அதன் பிறகும் வெல்டிங் இடம்வரை தண்ணீர் நிரப்ப வேண்டும். கழுவினோமே என்று காலி டேங்க்கில் தீ வைத்தால் அது வெடிக்கும். கசிவுச் சோதனைக்கு 3 பிஎஸ்ஐ காற்றும் சோப்புத் தண்ணீரும் போதும். அதற்கு மேல் அழுத்தினால் தகடு உப்பும்.

ஏர்பாக்ஸைத் தூக்கி எறிந்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் போட்டால் இந்த எஞ்சினின் வேக்கம் வகைக் கார்புரேட்டர் நடு ஆர்.பி.எம்.மில் விக்கும். சீட்டுக்கு அடியில் குறைந்தது இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டி ஒன்றைத் தகட்டில் செய்து ஃபில்டரை அதில் வையுங்கள். பிறகு மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) ஒவ்வோர் எண்ணாகக் கூட்டி, ஸ்பார்க் பிளக்கின் நிறம் பாருங்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை.

சைலன்சரில் உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுக் குழாய் வேண்டாம். 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு இந்திய விதிப்படி 80 டெசிபல்தான் ஒலி வரம்பு. பழைய சைலன்சரின் உட்பகுதியைப் புது உறைக்குள் வைத்தால் ஓசையும் அடங்கும், எஞ்சினும் இழுக்கும்.

## 11. கால் கட்டுப்பாடும் ஹேண்டில்பாரும்

கால் நீட்டி வைக்கும் ஃபுட்ரெஸ்ட்டை முன் தாங்கு குழாயில் வெறும் கிளாம்ப் போட்டு மாட்டாதீர்கள், ஏறி நின்றால் சுழலும். 6 மி.மீ. தகட்டை இரு குழாய்க்கும் குறுக்கே வெல்டிங் செய்து அதில் போல்ட் அடியுங்கள். கியர் ராடு நீளமாகும். இரு முனையிலும் பால் ஜாயின்ட், நடுவில் வளைவு கூடாது. எஞ்சினில் உள்ள லீவரும் பெடல் லீவரும் ராடுக்கு 90 டிகிரியில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கியர் ஏறும், இறங்காது.

ஹேண்டில் உயர்ந்தால் கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் கேபிள்களும் பிரேக் ஹோஸும் நீளமாக வேண்டும். எவ்வளவு என்று கயிறு விட்டு அளந்து, ஹேண்டிலை இருபக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகு செய்யக் கொடுங்கள். ஸ்டியரிங் ஸ்டாப்பர் இரண்டை ஃபிரேமில் வெல்டிங் செய்வதை மறக்காதீர்கள். அது இல்லாமல் வண்டி சாய்ந்தால் ஃபோர்க் டேங்க்கில் இடிக்கும்.

## 12. பெயின்ட்டுக்கு முன் முழு அசெம்பிளி

பெயின்ட் இல்லாத பச்சை இரும்பிலேயே வண்டியை முழுசாக மாட்டி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சில நூறு மீட்டர் தனியார் இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நம்பர் பிளேட் பிராக்கெட், ஹாரன், ஆயில் கூலர், பேட்டரிப் பெட்டி, ஸ்டாண்டு, வயர் கிளிப் என்று ஒவ்வொன்றுக்கும் காது வெல்டிங் ஆகிவிட்டதா பாருங்கள். சைடு ஸ்டாண்டின் நீளத்தையும் இப்போதுதான் சரிபார்க்க முடியும்.

எல்லாவற்றையும் பிரித்து பவுடர் கோட்டிங் கொடுக்கும்போது கழுத்துத் துளை, மரைகள், எர்த் புள்ளி, ஆக்ஸில் காடி ஆகியவற்றை மறைக்கச் சொல்லுங்கள். பேரிங் இருக்கையில் பவுடர் ஏறினால் மீண்டும் சுரண்ட வேண்டும்.

## 13. வயரிங்

பழைய வயரிங் கிட்டை வெட்டிக் குறையுங்கள், புதிதாகக் கட்ட வேண்டாம். நிறங்கள் பழையபடி இருந்தால் பின்னால் எந்த மெக்கானிக்கும் பிழை பார்க்க முடியும். பேட்டரியைப் படுக்கவைக்க வேண்டியிருந்தால், ஆசிட் ஊற்றும் வகை கூடாது, மூடிய வகையே வேண்டும். ஆர்ஆர் யூனிட் (பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்) காற்றுப்படும் இடத்தில் இருக்கட்டும். சீட்டுக்கு அடியில் ஒளித்துவைத்தால் வெந்துவிடும்.

பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. ஃபிரேமையே எர்த்தாக நம்பாமல், பேட்டரி நெகட்டிவிலிருந்து எஞ்சினுக்கும் ஃபிரேமுக்கும் விளக்குகளுக்கும் தனித்தனி எர்த் வயர் இழுங்கள். விளக்கு மங்குகிறது, செல்ஃப் எடுக்கவில்லை என்று வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை எர்த்தோடு முடிந்துவிடும்.

ஸ்பீடோமீட்டர் சென்சார் முன்சக்கரத்தில் இருந்தால், 17 அங்குலத்துக்குப் பதில் 21 அங்குலம் வந்ததால் 60-ல் போகும்போது 51 என்று காட்டும்.

## 14. முதல் ஓட்டம்

கழுத்து பேரிங்: முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை நடுவிலிருந்து லேசாகத் தள்ளினால் தானாக இருபக்கமும் போய் விழ வேண்டும், ஆனால் ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் கடகடக்கக் கூடாது. எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது ஹேண்டிலை முழுக்கத் திருப்புங்கள். ஆர்.பி.எம். ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் நீளம் போதவில்லை. அதை மாற்றாமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

மூடிய மைதானத்தில், ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் கையுறையும் போட்டு, நடைவேகத்தில் வட்டமடியுங்கள். பிறகு 20, 40, 60. ஒவ்வொரு வேகத்திலும் ஆக்ஸிலரேட்டரை விட்டு வண்டி தானாக வேகம் குறையும்போது கவனியுங்கள். ஹேண்டில் நடுங்குவது வேகம் குறையும்போதுதான் முதலில் தெரியும். நடுங்கினால் முதலில் கழுத்து பேரிங், அடுத்து சக்கர நேர், அதன் பிறகு டயர் பேலன்ஸ். மூன்றும் சரியாக இருந்தும் நின்றபாடில்லை என்றால் ட்ரெய்லை அளந்து பாருங்கள்.

50 கி.மீ. ஓடியதும் எல்லா நட்டுகளையும் டார்க் ரெஞ்ச்சால் மீண்டும் முடுக்குங்கள். புது ஸ்போக்குகளும் தளரும், தட்டிப் பாருங்கள், ஓசை ஒரே மாதிரி இருக்க வேண்டும். 100 கி.மீ.யில் கழுத்து, ஆக்ஸில் பிளேட், டேங்க் காது, ஃபுட்ரெஸ்ட் தகடு நான்கையும் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் கோட்டிங்கில் மயிர்க்கோடு போல விரிசல் தெரிந்தால் அந்த இடத்தைச் சுரண்டி மீண்டும் பெனட்ரன்ட் சோதனை செய்யுங்கள். சிவப்புக் கோடு வந்தால் அந்த மூட்டை அறுத்து மீண்டும் வெல்டிங் செய்யும்வரை வண்டி நிற்கட்டும்.